டிமென்ஷியா ஆராய்ச்சிக்கு வர நினைக்கும் இளம் மருத்துவருக்கு

எம்பிபிஎஸ் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்களும், எம்டி மெடிசின் நடுவில் நியூராலஜி பக்கம் மனம் சாய்ந்தவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "டிமென்ஷியாவில் ஆராய்ச்சி செய்யணும் சார், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" பலர் பதிலையும் கையோடு கொண்டுவருகிறார்கள். வெளிநாட்டில் ஒரு லேப், பெட் ஸ்கேன், மரபணு, எலி. எல்லாம் தேவைதான். ஆனால் நான் பார்த்தவரையில், இந்தத் துறையில் நிலைத்தவர்கள் முதலில் ஓபியில் உட்கார்ந்து நோயாளியின் கதையைச் சரியாகக் கேட்கப் பழகியவர்கள். ஸ்கேனும் மரபணுவும் அந்தக் கதை எழுப்பிய கேள்விக்குப் பதில் தேடப் பின்னால் வந்தவை. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

தேவை எவ்வளவு என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2023-ல் வெளியான லாசி-டாட் என்ற தேசிய முதியோர் ஆய்வின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது.

படிப்பு: எத்தனை வருடம், எந்த வழி

எம்பிபிஎஸ் இன்டர்ன்ஷிப்போடு ஐந்தரை வருடம். எம்டி மெடிசின் மூன்று. டிஎம் நியூராலஜி மூன்று. நடுவில் நீட்-பிஜி, நீட்-எஸ்எஸ் தேர்வுகளுக்குப் போகும் காலத்தையும் சேர்த்தால், நரம்பியல் நிபுணர் என்று போர்டு மாட்டும்போது முப்பதைத் தாண்டியிருப்பீர்கள். எய்ம்ஸ், ஜிப்மர், நிம்ஹான்ஸ் போன்ற தேசிய நிறுவனங்களில் டிஎம் சேர ஐஎன்ஐ-எஸ்எஸ் என்ற தனித் தேர்வு உண்டு.

சீட் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் பார்ப்பது ஊர், ஸ்டைபெண்ட், டியூட்டி நேரம். நீங்கள் கூடுதலாக ஒன்றைப் பாருங்கள்: அந்தத் துறையில் மறதி நோய்க்கென்று தனி கிளினிக் நடக்கிறதா, அதில் நினைவாற்றலையும் சிந்தனைத் திறனையும் சோதிக்கும் நியூரோசைக்காலஜிஸ்ட் ஒருவர் முழுநேரமாக இருக்கிறாரா? பொது நியூராலஜி ஓபியில் பக்கவாதமும் வலிப்பும் தலைவலியும் வரிசை கட்டி நிற்கும்போது மறதி என்று வருபவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தாலே அதிகம். ஐந்து நிமிடத்தில் யாரும் டிமென்ஷியா கற்றுக்கொள்ள முடியாது.

நியூராலஜி சீட் கிடைக்கவில்லை என்றால் கதவு அடைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் டிமென்ஷியா பற்றி வந்த முக்கியமான வேலைகளில் கணிசமான பங்கு மனநல மருத்துவர்களுடையது, சமூக மருத்துவத் துறையினருடையது. முதியோர் மருத்துவம் வழியாகவும் வரலாம். நரம்பியல் வழி வந்தால் அபூர்வமான வகைகளும் ஸ்கேனும் கைக்கு எளிதாக வரும். மனநல வழி வந்தால் குடும்பமும் நடத்தையும் புரியும். எந்த வழியில் வந்தாலும் மறுபக்கத்தைக் கடன் வாங்கத்தான் வேண்டியிருக்கும்.

இன்னும் எம்பிபிஎஸ்ஸிலேயே இருப்பவர்கள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரின் எஸ்டிஎஸ் என்ற மாணவர் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாத ஆராய்ச்சிதான். பெரிய கண்டுபிடிப்பு எதுவும் வராது. ஆனால் கேள்வி எழுதுவது, எத்திக்ஸ் கமிட்டிக்குப் போவது, தரவைச் சேர்ப்பது, அறிக்கை எழுதுவது என்று முழுச் சுற்றையும் ஒருமுறை பார்த்துவிடுவீர்கள்.

கதை கேட்பது

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

எழுபது வயது அம்மா ஒருவரை மகனும் மருமகளும் அழைத்து வருகிறார்கள். "வயசாச்சு சார், கொஞ்சம் ஞாபக மறதி, அவ்வளவுதான்" என்பார் மகன். மருமகள் வாயைத் திறக்க மாட்டார். மகனை வெளியே ஒரு டோக்கன் போட அனுப்பிவிட்டு மருமகளிடம் கேளுங்கள். "ஒரே கேள்விய பத்து தடவ கேக்கறாங்க டாக்டர். போன மாசம் கேஸ திறந்துவிட்டு பத்த வைக்க மறந்துட்டாங்க. இவர்கிட்ட சொன்னா அத்தைய குறை சொல்றேன்னு கோவிச்சுக்குறாரு." நோய் இருக்கும் இடம் அங்கே தெரியும். கூட வந்தவர் எல்லோரும் தகவல் சொல்பவர் அல்லர். நோயாளியோடு ஒரே வீட்டில் பொழுதைக் கழிப்பவர் யாரோ, அவரே தகவல் சொல்பவர்.

"ஞாபகம் எப்படி இருக்கு?" என்று கேட்டால் "பரவாயில்ல" என்றுதான் பதில் வரும். வேலைகளைக் கேளுங்கள். ரேஷன் கடைக்கு இப்போது யார் போகிறார்? பென்ஷன் பணத்தை எண்ணி வாங்குவது யார்? முன்பு இருபது பேருக்குச் சமைத்தவர் இப்போது ஏன் சமைப்பதில்லை? மாத்திரையை யார் எடுத்துக் கொடுக்கிறார்? ஒரு வேலையைக் கைவிட்டார் என்றால், தானாக விட்டாரா, வீட்டார் பறித்துக்கொண்டார்களா? கூட்டுக் குடும்பத்தில் முதியவர் செய்ய வேண்டிய வேலையே குறைவு. அதனால் நோய் பல வருடம் ஒளிந்திருக்கும். தாத்தா காபி குடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதற்குப் பெரிய மூளைத்திறன் தேவையில்லை.

அப்புறம், முதலில் என்ன மாறியது என்பதைக் குடைந்து குடைந்து கேட்க வேண்டும். எல்லா டிமென்ஷியாவும் மறதியில் தொடங்குவதில்லை. ஐம்பத்தைந்து வயதுக் கடைக்காரர் கூச்சமே இல்லாமல் அந்நியரிடம் கண்டபடி பேசத் தொடங்குகிறார், இனிப்பை அள்ளி அள்ளித் தின்கிறார், மனைவி அழுதாலும் அசையாமல் இருக்கிறார். ஞாபகம் நன்றாகவே இருக்கிறது. வீட்டில் பரிகாரம் செய்துவிட்டு, மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கடைசியில் உங்களிடம் வருவார்கள். அது முன்மூளை-பொட்டு மடல் வகையாக இருக்கலாம். இன்னொருவர் கண்ணாடியை மூன்று முறை மாற்றியிருப்பார். கண் மருத்துவர் கண்ணில் குறையில்லை என்பார். ஆனால் சட்டைக் கைக்குள் கையை நுழைக்கத் தெரியவில்லை, எதிரே இருக்கும் டம்ளரை எடுக்கத் தடுமாறுகிறார். மூளையின் பின்பகுதியில் தொடங்கும் அல்சைமர் இப்படி வரும். மாலையானால் அறையில் குழந்தைகள் நிற்பதாகச் சொல்லும் பெரியவரை மந்திரிக்க அழைத்துப் போயிருப்பார்கள். லூயி பாடி டிமென்ஷியாவா என்று யோசியுங்கள். தூக்கத்தில் கை கால் உதைத்துக் கத்துகிறாரா என்று அவர் மனைவியிடம் கேளுங்கள். இதைத் தவறவிட்டு ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தை ஊசியில் போட்டுவிட்டால் உடம்பு இறுகிப்போய், உயிருக்கே ஆபத்தாகலாம்.

தைராய்டு, பி12 குறைபாடு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு மெதுவாகத் தேங்கிய ரத்தம், மூளைநீர்த் தேக்கம் போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களை ஒதுக்கிவிட்டுத்தான் எவரையும் ஆய்வில் சேர்க்க வேண்டும். இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது, நீட்டவில்லை.

இன்னொரு பழக்கம்: நோயாளி சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அலோய்ஸ் அல்சைமர் 1901-ல் பிராங்பர்ட் மருத்துவமனையில் அவுகுஸ்ட டேட்டர் என்ற பெண்ணிடம் பேசியபோது, தான் கேட்ட கேள்வியையும் அவர் தந்த பதிலையும் அப்படியே எழுதிவைத்தார். அந்தப் பெண் 1906-ல் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் டியூபிங்கன் கூட்டத்தில் அவர் மூளையில் கண்டதை அல்சைமர் விவரித்தார். காணாமல்போயிருந்த அந்தக் கோப்பு 1990-களில் மறுபடி கிடைத்தது. கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்துப் படித்தவர்களால் இன்றைய அளவுகோலை வைத்து அந்த நோயைப் பற்றி விவாதிக்க முடிந்தது. நாம் எழுதும் "மறதி, இரண்டு வருடம்" என்ற குறிப்பை வைத்து அடுத்த வாரம்கூட யாரும் எதையும் விவாதிக்க முடியாது.

சோதனைத் தாள்

நினைவாற்றல் சோதனைகளில் பெரும்பாலானவை பள்ளிக்குப் போனவர்களுக்காக, மேற்கு நாடுகளில் எழுதப்பட்டவை. இங்கே ஓபியில் எதிரே உட்கார்ந்திருக்கும் பாட்டி பென்சில் பிடித்ததே இல்லை. ஒன்றோடொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களை வரையச் சொன்னால் சிரிப்பார். "இன்னைக்கு என்ன தேதி?" என்றால் தெரியாது. ஆனால் ஆடி மாதம் என்று தெரியும், அமாவாசைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது என்று தெரியும். அவருக்குக் காலம் பிடிபடவில்லை என்று பூஜ்யம் போடுவீர்களா? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கத் தெரியாதவர், காய்கறிக்காரரிடம் ஐந்து ரூபாய்கூட ஏமாற மாட்டார். ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லச் சொன்னால், எழுத்தே தெரியாதவர் என்ன செய்வார்? காய்கறிப் பெயர்களைச் சொல்லச் சொல்லுங்கள், மடமடவென்று வரும்.

இந்தச் சிக்கலை எதிர்கொண்டவர்கள் இங்கே ஏற்கனவே உண்டு. ஹரியானாவின் பல்லப்கரில் நடந்த இந்திய-அமெரிக்க ஆய்வுக்காக, எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து முதியவர்களுக்கென்று இந்தியில் ஒரு சோதனையை உருவாக்கினார்கள். அன்றாட வேலைத் திறனை அளக்கவும் தனி அளவுகோல் செய்தார்கள். 10/66 ஆய்வுக் குழு சென்னை நகரிலும் வேலூர் கிராமப்புறத்திலும் வீடு வீடாகப் போனது. அந்தப் பெயருக்குக் காரணம், டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தபோது அங்கே நடந்த மக்கள்தொகை ஆய்வு பத்து சதவீதத்தைக்கூட எட்டவில்லை என்பது. ஐசிஎம்ஆர் ஒரு பொதுவான சோதனைத் தொகுப்பை முதலில் ஐந்து மொழிகளில் சரிபார்த்து வெளியிட்டது: இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம். அந்த ஐந்தில் தமிழ் இல்லை. வருத்தப்படுவதைவிட இதை வேலை காலியிடமாகப் பார்க்கலாம்.

பிஜி மாணவர் ஒருவர் தீசிஸுக்குள் முடிக்கக்கூடிய, உண்மையிலேயே பயன்படும் வேலை இது. ஒரு சோதனையைத் தமிழில் பெயர்த்தால் மட்டும் போதாது. வேறொருவர் அதைத் திருப்பி மூலமொழிக்குப் பெயர்த்துப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். படங்களை உள்ளூர்ப் பொருளாக மாற்ற வேண்டும். நோயில்லாத முதியவர்களிடம் வயது வாரியாக, படிப்பு வாரியாகச் செய்து பார்த்து, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் சந்தேகப்படலாம் என்று கண்டறிய வேண்டும். இரண்டு பேர் தனித்தனியே ஒரே நோயாளியைச் சோதித்தால் ஒரே மதிப்பெண் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். நோயில்லாதவர்களை எங்கே பிடிப்பது? எலும்பு முறிவு வார்டில், கண் வார்டில் நோயாளிக்குத் துணையாக வந்திருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கேட்கும் சக்தியையும் பார்வையையும் முதலில் சோதித்துவிடுங்கள். காது மந்தமானவர் டிமென்ஷியா பட்டியலில் சேர்ந்துவிடுவது நம் ஊரில் நிறைய நடக்கிறது. எந்தச் சோதனைக்கு யாரிடம் காப்புரிமை இருக்கிறது என்பதையும் தொடங்கும் முன்பே பாருங்கள்; பரவலாகப் பயன்படும் எம்எம்எஸ்இ என்ற சோதனைக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பது பலருக்குக் கட்டுரை அனுப்பும்போதுதான் தெரிகிறது.

உங்கள் ஓபிக்கு மட்டுமே பதில் சொல்லத் தெரிந்த கேள்வி

பாஸ்டனிலும் லண்டனிலும் நடப்பதையே இங்கே சின்ன அளவில் செய்தால் இரண்டாம் தரப் பிரதிதான் மிஞ்சும். உங்கள் ஊர், உங்கள் மக்கள் எந்தக் கேள்விக்கு மற்ற இடத்தைவிட நன்றாகப் பதில் சொல்வார்கள் என்று யோசியுங்கள்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் ஹைதராபாத். இரண்டு மொழி பேசுபவர்களுக்கு டிமென்ஷியா தாமதமாக வருகிறது என்று கனடாவில் கண்டிருந்தார்கள். ஆனால் அங்கே இருமொழிக்காரர்களில் பலர் குடியேறிகள். தாமதத்துக்குக் காரணம் மொழியா, குடியேறியவர்களின் உடல்நலமும் வாழ்க்கை முறையுமா என்று பிரிக்க முடியவில்லை. ஹைதராபாத்தில் அந்தக் குழப்பம் இல்லை. பிறந்த ஊரிலேயே இருந்துகொண்டு தெலுங்கும் உருதுவும் இந்தியும் பேசுகிறார்கள். நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் தங்கள் கிளினிக்குக்கு வந்த 648 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். இருமொழிக்காரர்களுக்கு நோய் நாலரை வருடம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. படிக்காதவர்களிடமும் அந்த வித்தியாசம் தெரிந்தது. 2013-ல் 'நியூராலஜி' இதழில் வந்த அந்தக் கட்டுரைக்குப் பின்னால் இருந்தது ஒழுங்காக எழுதிவைத்த கிளினிக் பதிவு. பின்னோக்கிப் பார்த்த ஆய்வு என்ற குறை அதற்கு உண்டு, விவாதமும் நடக்கிறது. ஆனாலும் அந்தக் கேள்வியை ஹைதராபாத்தில் கேட்டதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொரு துருவம் கொலம்பியாவின் பிரான்சிஸ்கோ லோபேரா. 1980-களில் மெடயின் நகரில் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, நடுவயதிலேயே ஞாபகம் இழந்த ஒருவரைப் பார்த்தார். அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இப்படித்தான் என்றார்கள். பெரும்பாலோர் கேஸ் ஷீட்டில் 'குடும்ப வரலாறு உண்டு' என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டிருப்பார்கள். லோபேரா மலைக் கிராமங்களுக்குப் போனார், வம்சாவளியை வரைந்தார், தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டினார். உலகிலேயே பெரிய மரபுவழி அல்சைமர் கூட்டம் அது என்று தெரியவந்தது. 1995-ல் அதற்குக் காரணமான மரபணு மாற்றமும் பிடிபட்டது. நாற்பதுகளின் நடுவில் ஞாபகம் குறையத் தொடங்கும் அந்தக் குடும்பங்களில், ஒரு பெண் மட்டும் எழுபது வயது நெருங்கும்வரை தெளிவாக இருந்தார். அவரிடம் அபோ-ஈ மரபணுவில் கிறைஸ்ட்சர்ச் என்ற இன்னொரு அபூர்வ மாற்றம் இருந்ததை 2019-ல் வெளியிட்டார்கள். நோயைத் தடுத்தது அதுவாக இருக்கலாம் என்ற யோசனை இன்று மருந்து தேடுபவர்களுக்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. 2024-ல் லோபேரா இறக்கும்வரை அதே குடும்பங்களோடுதான் இருந்தார். அவர்களிடம் நடத்திய கிரெனஸுமாப் மருந்துச் சோதனை 2022-ல் பலனில்லை என்று முடிந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வருடக்கணக்கில் பின்தொடர்வது

டிமென்ஷியா மெதுவாக நகரும் நோய். ஒரு நாள் பார்த்துவிட்டு எழுதும் கட்டுரைக்கு ஓரளவுக்கு மேல் மதிப்பில்லை. கர்நாடகாவின் கோலார் மாவட்டம் சீனிவாசபுராவில், பெங்களூரு ஐஐஎஸ்சி வளாகத்தில் இருக்கும் மூளை ஆராய்ச்சி மையம் நடத்தும் சான்ஸ்காக் ஆய்வு கிராமத்து மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. அப்படி ஒன்றில் ஃபெல்லோவாகச் சேர்ந்து வேலை செய்தால், தனியாகத் தொடங்கும் முன் என்னவெல்லாம் உடைந்துபோகும் என்று தெரியும்.

உடைவது அறிவியல் இல்லை, சில்லறை விஷயங்கள். போன் நம்பர் மாறிவிடும். ஒரு வீட்டுக்கு இரண்டு நம்பரும், பக்கத்து மளிகைக் கடை நம்பரும் வாங்கிக்கொள்ளுங்கள். அம்மா ஆறு மாதம் மூத்த மகன் வீடு, ஆறு மாதம் மகள் வீடு என்று மாறிக்கொண்டிருப்பார். இரண்டு முகவரியும் வேண்டும். ஆட்டோ காசும் அன்றைய கூலியும் கொடுக்காவிட்டால் கூட வருபவர் இரண்டாவது முறை வர மாட்டார், அதை கிராண்ட் பட்ஜெட்டிலேயே போட்டுவிடுங்கள். பொங்கல், கோயில் திருவிழா, அறுவடை நாட்களில் அப்பாயின்ட்மென்ட் வைக்காதீர்கள். முக்கியமாக, ஆய்வை விட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் நோய் முற்றியவர்கள். வர முடிந்தவர்களை மட்டும் எண்ணினால் உங்கள் வரைபடத்தில் நோயாளிகள் எல்லோரும் நன்றாக இருப்பதுபோல் தெரியும். வர முடியாதவர் வீட்டுக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

ரத்தம், முதுகுநீர், மூளை

நோயை ரத்தத்திலோ ஸ்கேனிலோ காட்டித்தரும் உயிரியல் குறியீடுகள் இல்லாமல் இன்று இந்தத் துறையில் பேச்சே இல்லை. முன்பு பெட் ஸ்கேனோ முதுகுநீரோ எடுத்தால்தான், அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு புரதம் இருப்பது தெரியும். இப்போது ரத்தத்தில் பி-டாவ்217 என்ற புரதத்தை அளந்தே ஓரளவு நம்பிக்கையாகச் சொல்ல முடிகிறது. 2025 மே மாதம் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இத்தகைய ரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு முதல்முறையாக அனுமதி தந்தது. நம் நாட்டுக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களிடம் இந்த அளவு தானாகவே ஏறியிருக்கும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இவ்வளவு இருக்கும் ஊரில் வெளிநாட்டு எல்லைக் கோட்டை அப்படியே எடுத்துக்கொள்வது சரியா? இங்கே ஒரு தீசிஸ் காத்திருக்கிறது.

மாதிரி எடுப்பதில் கவனிக்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். முதுகுநீரைக் கண்ணாடிக் குழாயிலோ சாதாரண பாலிஸ்டைரீன் குழாயிலோ பிடித்தால் அமிலாய்டு புரதம் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அளவு குறைவாக வரும், நோய் இல்லாதவருக்கு நோய் என்று முடிவாகும். பாலிபுரொப்பலீன் குழாய் வேண்டும். ரத்தத்தை எடுத்த எத்தனை மணி நேரத்தில் சுழற்றிப் பிரித்தீர்கள் என்பதைக் குழாய்க்குக் குழாய் எழுத வேண்டும். மைனஸ் 80 ஃபிரீசர் இருக்கிறது என்று சொன்னால் போதாது. ஞாயிற்றுக்கிழமை மின்சாரம் போனால் யார் போனுக்கு அலாரம் வரும் என்று கேளுங்கள். மாதிரியைச் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து வையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் முழுவதையும் உருக்கி உறைய வைக்க வேண்டியிருக்கும்.

இறுதித் தீர்ப்பு இன்னும் மூளைத் திசுவில்தான். பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995-ல் தொடங்கிய மூளைத் திசு வங்கி இருக்கிறது. மூளை தானம் பற்றிக் குடும்பத்திடம் பேசுவது சாவு வீட்டில் செய்யும் காரியம் இல்லை. வருடக்கணக்காகத் தெரிந்த குடும்பமாக இருந்தால், நோயாளி நன்றாக இருக்கும்போதே, வேறு பேச்சோடு பேச்சாகத் தொடங்கலாம். பல குடும்பங்கள் மறுக்கும். காரியம் தள்ளிப்போகுமா, உடலை எப்போது தருவீர்கள், முகம் சிதையுமா என்று கேட்பவர்கள்தான் பாதி சம்மதித்தவர்கள். அந்த மூன்று கேள்விக்கும் துல்லியமான பதில் உங்களிடம் இருக்க வேண்டும்.

அனுமதியும் ஒப்புதலும்

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி, மருந்துச் சோதனை என்றால் சிடிஆர்ஐ என்ற தேசியப் பதிவேட்டில் பதிவு, வெளிநாட்டுக் கூட்டாளியோ வெளிநாட்டு நிதியோ இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அனுமதி. 2017-ன் ஐசிஎம்ஆர் நெறிமுறைகளையும் 2019-ன் புதிய மருந்து விதிகளையும் ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள்.

காகிதத்தில் இல்லாத சிக்கல் ஒன்று உண்டு. நோயாளி தானே முடிவெடுக்க முடியாத நிலையில் இருந்தால் சட்டப்படியான பிரதிநிதி கையெழுத்துப் போடலாம். ஆனால் ஊசியைப் பார்த்துப் பாட்டி கையை இழுத்துக்கொண்டால், மகன் போட்ட கையெழுத்து அங்கே செல்லாது. அன்றைக்கு விட்டுவிடுங்கள். மரபணுச் சோதனை இன்னும் கவனம் கேட்கிறது. அப்பாவிடம் ஒரு மாற்றம் தெரிந்தால் அது கல்யாணத்துக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் மகளைப் பற்றிய செய்தியும்தான். முடிவை யாரிடம் சொல்வது, சொல்லாமல் இருக்கலாமா என்பதை ரத்தம் எடுக்கும் முன்பே குடும்பத்தோடு பேசி எழுதிவைக்க வேண்டும். ஆர்வத்தில் முதலில் சோதித்துவிட்டு அப்புறம் யோசிப்பவர்களோடு கூட்டு சேராதீர்கள்.

பணம், நேரம், வெளிநாடு

தனியார் மருத்துவமனை நியூராலஜிஸ்டின் சம்பளத்தோடு ஆராய்ச்சிச் சம்பளத்தை ஒப்பிட்டால் மனசு கெடும். இதை வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. வேலையில் சேரும்போது வாரத்தில் ஒரு நாளாவது ஆராய்ச்சிக்கென்று எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாகக் கொடுத்த நாளை முதல் டெங்கு சீசனே விழுங்கிவிடும்.

எம்டி தீசிஸுக்கு ஐசிஎம்ஆர் சிறு உதவித்தொகை தருகிறது. டிஎம் முடித்தபின் ஐசிஎம்ஆரின் ஆய்வு கிராண்ட்கள், மருத்துவர்களுக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கும் இந்தியா அலையன்ஸ் ஃபெல்லோஷிப் ஆகியவற்றைப் பாருங்கள். சான்பிரான்சிஸ்கோ கலிபோர்னியா பல்கலைக்கழகமும் டப்ளின் டிரினிட்டி கல்லூரியும் சேர்ந்து நடத்தும் குளோபல் பிரெய்ன் ஹெல்த் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு வருட ஃபெல்லோஷிப் உண்டு. உலகின் பல பகுதிகளிலிருந்தும் ஆட்களை எடுக்கிறார்கள், மருத்துவர்கள் மட்டும் என்றில்லை. வெளிநாடு போவதென்றால் உங்கள் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வெறுங்கையோடு போனால் அவர்கள் கேள்விக்குத் தரவு சேகரித்துக் கொடுத்துவிட்டு வருவீர்கள். விண்ணப்பம் எழுதும் முன் ஒரு புள்ளியியல் நிபுணரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். தரவெல்லாம் சேர்த்து முடித்தபின் அவரிடம் போவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவதுபோல.

படிக்கும்போது எதை நம்புவது

இந்தத் துறையில் நாற்பது வருடமாக அமிலாய்டு பேச்சுதான். 1984-ல் கிளென்னர் அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தார். 1990-களின் தொடக்கத்தில் அதுவே நோயின் வேர் என்ற கருத்து உருவானது. பிறகு வந்த மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. 2006-ல் 'நேச்சர்' இதழில் வந்து பெரிதாகப் பேசப்பட்ட ஒரு கட்டுரையின் படங்கள் திருத்தப்பட்டவை என்று தெரிந்து, 2024-ல் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதோடு அமிலாய்டு கதையே பொய் என்று சிலர் கிளம்பினார்கள். அப்படியில்லை, மரபணுச் சான்றுகள் அந்தக் கட்டுரையை நம்பி நிற்கவில்லை.

மூளையிலிருந்து அமிலாய்டை அகற்றும் லெக்கனமாப் மருந்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். 1795 பேரிடம் 18 மாதம் சோதித்தார்கள். நோய் முற்றுவது 27 சதவீதம் மெதுவானது என்று தலைப்புச் செய்தி வந்தது. அதே முடிவை இன்னொரு விதமாகச் சொன்னால், 18 புள்ளி அளவுகோலில் 0.45 புள்ளி வித்தியாசம். மருந்து பெற்றவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. போலி மருந்து பெற்ற குழுவில் 1.7 சதவீதம். இந்த எண்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிய வேண்டும், ஏனென்றால் ஓபியில் ஒரு மகள் செய்தித்தாள் துணுக்கோடு வந்து "அமெரிக்காவுல மருந்து வந்துருச்சாமே, அப்பாவுக்குக் குடுக்கலாமா?" என்று கேட்பார். அப்பா நடுக்கட்டத்தைத் தாண்டியிருப்பார். அந்த மருந்து ஆரம்ப நிலையில் இருப்பவர்களிடம் மட்டுமே சோதிக்கப்பட்டது.

அடுத்த ஆறு மாதத்துக்கு

பிஜி முதல் வருடத்தில் இருப்பவர் என்றால்: வாரம் ஒரு நாள் மறதி கிளினிக்கில் உட்கார சீனியரிடம் அனுமதி வாங்குங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் முக்கால் மணி நேரம், அதில் பாதி நேரம் வீட்டில் கூட இருப்பவரோடு. ஒரே வடிவத்தில் பதிவு செய்ய ஒரு பக்கப் படிவம் தயார் செய்யுங்கள்: தாய்மொழி, பேசும் மொழிகள், படித்த வருடங்கள், செய்த தொழில், காது, கண், சர்க்கரை, முதலில் மாறியது எது, எப்போது. பெயரைத் தனியே பூட்டி வைத்து, எண்ணை மட்டும் படிவத்தில் போடுங்கள். துறையின் நியூரோசைக்காலஜிஸ்ட் சோதனை செய்யும்போது பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பாருங்கள். கேள்வியை எவ்வளவு நிதானமாகச் சொல்கிறார், பதில் வராதபோது எத்தனை நொடி காத்திருக்கிறார் என்று கவனியுங்கள். ஐம்பது படிவம் சேர்ந்ததும் அவற்றைத் தரையில் பரப்பி வைத்து ஒரு மாலை முழுவதும் படியுங்கள். புத்தகம் சொல்வதோடு எங்கே ஒத்துப்போகவில்லையோ, அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு மறுநாள் கைடிடம் போங்கள்.